மெஸ்ஸும் மைதானமும்

மாணவர் உணவு, விளையாட்டு ஊக்கம் குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



இந்த ஆண்டு எனக்குத் தரப்பட்ட பொருள், பல்கலைக்கழக மாணவரின் நல்லுணவுப் பழக்கமும் விளையாட்டு ஊக்கமும். கேட்பதற்கு இரண்டு பொருள் போலத் தோன்றும். உணவை மனையியல் துறைக்கும் விளையாட்டை உடற்கல்வித் துறைக்கும் பாகம் பிரித்துக் கொடுத்திருக்கிறோம். வளாகத்திலும் மெஸ் ஒரு மூலையில், மைதானம் இன்னொரு மூலையில். இரண்டையும் சேர்த்து அனுபவிப்பவர் மாணவர் ஒருவர்தான்.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறிவுரையால் ஒரு மாணவரின் சாப்பாட்டை மாற்றுவது கடினம். விளையாடப் பழகிவிட்டவர் தமக்கு வேண்டிய சாப்பாட்டைத் தாமே கேட்டு வாங்குவார். அவரை விளையாட வைக்கவும் அறிவுரை உதவாது. திறந்திருக்கும் மைதானம், ஒத்துவரும் நேரம், கூட வர ஓர் ஆள், ஓடுவதற்கு வேண்டிய தெம்பு ஆகிய நான்கும் வேண்டும். இவை கிடைக்காத மாணவரைப் பார்த்துச் சோம்பேறி என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். இந்த நான்கில் பெரும்பகுதி நிர்வாகத்தின் கையில் இருக்கிறது.

1. பத்தாம் வகுப்போடு முடியும் பந்தி

தமிழ்நாட்டில் மாணவர் உணவைப் பற்றிப் பேசுகிறவர் வரலாற்றைத் தொடாமல் போக முடியாது. 1920இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கிலிருந்த தன் பள்ளியில் மதிய உணவு வழங்கத் தொடங்கியது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு மாநிலம் தழுவிய திட்டமாயிற்று. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 1989இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குக் காலை உணவும் வந்தது. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்ற பேச்சு இந்த மண்ணில் பட்ஜெட் கணக்கில் ஏறிப் பல தலைமுறை ஆகிவிட்டது.

அந்தப் பந்தி பத்தாம் வகுப்போடு முடிகிறது. அதற்குப் பிறகுதான் நம் மாநிலத்தின் இன்னொரு சாதனை தொடங்குகிறது. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டுக்கு 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டுக்கு 47. வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிப் படியேறிய லட்சக்கணக்கானவர்கள் இந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள். பள்ளியில் முட்டை சாப்பிட்ட பிள்ளை கல்லூரி விடுதிக்கு வந்ததும் என்ன சாப்பிடுகிறது?

அரசின் சமூகநீதி விடுதிகளில் தங்கும் கல்லூரி மாணவருக்கான உணவுப்படி 2023இல் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வரவேற்க வேண்டிய உயர்வு. ஆனால் நாள் கணக்கில் வகுத்தால் மூன்று வேளைக்கும் சேர்த்து ஐம்பது ரூபாய். கடைத்தெருவில் ஒரு டீயும் இரண்டு வடையும் என்ன விலை என்பது இந்த அரங்கில் எல்லோருக்கும் தெரியும். சமையல்காரர் அந்த ஐம்பது ரூபாய்க்குள் மூன்று வேளையும் வயிற்றை நிரப்பித்தான் ஆக வேண்டும். வயிற்றை நிரப்ப அரிசியைவிட மலிவானது எதுவுமில்லை. சோறு மலை போலவும் பொரியல் ஒரு கரண்டியாகவும் ஆவது இந்தக் கணக்கினால்தான். இதில் சமையல்காரரின் ரசனைக் குறை ஏதும் இல்லை.

வீட்டிலிருந்து வருகிறவர் நிலை வேறு. ஊரில் ஆறரை மணிப் பேருந்தைப் பிடிப்பவருக்கு அந்நேரம் அடுப்பில் சோறு மட்டுமே வெந்திருக்கும். டிபன் பாக்ஸில் புளிசாதமோ எலுமிச்சைச் சாதமோ ஏறும். காலைச் சாப்பாடு என்று ஒன்று இல்லாமல் பதினொரு மணி இடைவேளை வரும். அப்போது கேன்டீனில் பப்ஸும் டீயும். இந்த மாணவரிடம் போய், காலை உணவைத் தவிர்க்காதீர்கள் என்று சுவரொட்டி ஒட்டுவதால் என்ன பயன்?

2. தட்டின் கணக்கு

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் இந்தியருக்கான உணவு வழிகாட்டியைப் புதுப்பித்து வெளியிட்டது. ஒரு நாளைக்கு 2,000 கிலோகலோரி தேவைப்படும் ஒருவருக்கு அது போடும் கணக்கு: தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லிலிட்டர், நிலக்கடலை முதலான கொட்டைகளும் வித்துகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். எடையெல்லாம் சமைப்பதற்கு முன். தினசரி ஆற்றலில் தானியத்தின் பங்கு 45 விழுக்காட்டோடு நிற்க வேண்டும் என்கிறது அந்த வழிகாட்டி. நம் தட்டுகளில் அது 50 முதல் 70 விழுக்காடு வரை போகிறது.

இதை ஒரு மெஸ் தட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காலையில் பொங்கல், தண்ணீராக ஒரு சாம்பார். மதியம் சோறு, சாம்பார், ரசம், மோர், முட்டைக்கோஸ் பொரியல் ஒரு கரண்டி. இரவு தோசை, அல்லது சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும். ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பு. பசி அடங்குகிறது. ஆனால் 400 கிராம் காய்கறி இதில் எங்கே இருக்கிறது? கீரை வாரத்தில் எத்தனை நாள்? பழம் என்றால் ஸ்பெஷல் டே அன்று ஒரு வாழைப்பழம்.

புரதத்தை எடுத்துக்கொள்வோம். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் என்பது இந்தியருக்கான பரிந்துரை. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். கடுமையாகப் பயிற்சி செய்கிறவருக்கு இதைவிடக் கூட வேண்டும். மெஸ் தட்டில் புரதத்தின் பெரும்பகுதி அரிசியிலிருந்தும் கோதுமையிலிருந்தும் வருகிறது. அது தனியாக நின்றால் தரம் குறைந்தது; பருப்போடு சேர்ந்தால்தான் முழுமை பெறும். இட்லிக்குச் சாம்பார் என்று வைத்த நம் பாட்டிமார் கணக்கில் பிழையில்லை. சாம்பாரில் பருப்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்றைக்கு இருபது வயதில் இதனால் ஒன்றும் ஆவதில்லை, உண்மைதான். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த இன்டியாப் ஆய்வின் 2023ஆம் ஆண்டு முடிவுகள், நாட்டில் வளர்ந்தவர்களில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவும் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும் இருப்பதாகச் சொல்கின்றன. அந்த நோயாளிகளும் ஒரு காலத்தில் இருபது வயதில் இருந்தவர்கள்தான்.

தட்டில் என்ன இருக்கிறது என்பதைப் போலவே, தட்டு எத்தனை மணிக்கு வருகிறது என்பதும் முக்கியம். மாலை ஆறே முக்கால் வரை வாலிபால் ஆடிய மாணவர், வலையைக் கழற்றி வைத்துவிட்டு, குளித்து, எட்டு மணிக்குமேல் மெஸ்ஸுக்கு வருகிறார். சப்பாத்தி தீர்ந்திருக்கும். பாத்திரத்தின் அடியில் குருமா இருக்கும். அதில் காய் இருக்காது. அன்றைக்கு அந்த விடுதியிலேயே அதிகம் உழைத்த உடம்பு அவருடையது. அவருக்குக் கிடைப்பது மிச்சம். இரவு பதினொன்றரைக்குப் பசி எடுக்கும்போது வாசலில் பரோட்டாவும் சால்னாவும் இருக்கிறது, அறையில் கெட்டிலில் வேகும் மேகி இருக்கிறது, கைப்பேசியில் பிரியாணி இருக்கிறது. அடுத்த நாள் காலை அவர் மெஸ்ஸுக்கு வருவதில்லை. மூன்றாம் நாள் மைதானத்துக்கும் வருவதில்லை. இதைத்தான் நம் கூட்டங்களில் 'இந்தக் கால மாணவர்களுக்கு ஆர்வமில்லை' என்று குறிப்பெழுதிக் கொள்கிறோம்.

பல்கலைக்கழக மானியக் குழு 2016இலும் மீண்டும் 2018இலும் வளாகங்களில் ஜங்க் ஃபுட் விற்கக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியது. நோக்கம் நல்லது. ஆனால் கேன்டீனில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைக்காமல் விட்டால், மாணவர் வாசலைத் தாண்டிப் போவார். அங்கே நம் சுற்றறிக்கை செல்லாது.

3. டிவைடிங் மெஸ் கற்றுத்தரும் பாடம்

நம் பழைய கல்லூரி விடுதிகளில் டிவைடிங் சிஸ்டம் என்று ஒரு முறை உண்டு. இன்றும் பல இடங்களில் நடக்கிறது. மாதம் முழுவதும் ஆன மளிகை, காய்கறி, பால், கேஸ், சமையல்காரர் கூலி எல்லாவற்றையும் கூட்டி, எல்லோரும் சாப்பிட்ட நாட்களின் மொத்தத்தால் வகுத்து, ஒரு நாள் வீதத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். ஊருக்குப் போன நாட்களுக்கு மெஸ் கட். மெஸ் செயலராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் விடியற்காலையில் சமையல்காரரோடு மார்க்கெட்டுக்குப் போவார். கத்திரிக்காய் விலையேறினால் பூசணிக்கு மாறலாமா, புதன்கிழமை முட்டையைக் கூட்டினால் நாள் வீதம் எவ்வளவு ஏறும், ஞாயிறு சிக்கனைக் குறைத்துவிட்டு வாரம் இரண்டு நாள் சுண்டல் போட்டால் சண்டை வருமா என்று கூட்டம் போட்டுப் பேசுவார்கள். சண்டை வரத்தான் செய்யும். அந்தச் சண்டையில் நடப்பது ஊட்டச்சத்துப் பாடம்.

ஒப்பந்தக்காரர் நடத்தும் மெஸ்ஸில் இந்தப் பேச்சுக்கு இடமில்லை. வீதம் முன்பே முடிவாகிவிட்டது, மெனுவும் முடிவாகிவிட்டது. மாணவருக்கு மிஞ்சுவது புகார்ப் புத்தகம். உப்புமா என்றால் உப்புமா, பிடிக்காவிட்டால் வெளியே.

டிவைடிங் முறையில் குளறுபடியே இல்லை என்று நான் சொல்லவில்லை. கணக்கில் ஓட்டை விழும், நாள் வீதத்தைக் குறைத்துக் காட்ட வேண்டும் என்பதற்காகவே பருப்பைக் குறைக்கும் செயலரும் உண்டு. ஆனால் தன் சாப்பாட்டைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை தனக்கு இருக்கிறது என்று உணரும் மாணவரும், தட்டில் விழுந்ததை வாங்கிக்கொள்ளும் மாணவரும் ஒரே மனநிலையில் இருப்பதில்லை. இந்த வேறுபாடுதான் நம் தலைப்பின் இரண்டாம் பாதிக்கு, ஊக்கத்துக்கு, நம்மை அழைத்துச் செல்கிறது.

4. கோட்டா, சான்றிதழ், ஊக்கம்

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட ஒரு சோதனை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அவர் கல்லூரி மாணவர்களிடம் சோமா என்னும் கனசதுரப் புதிரைக் கொடுத்தார். ஒரு குழுவுக்கு, இரண்டாம் அமர்வில் மட்டும், தீர்த்த ஒவ்வொரு புதிருக்கும் ஒரு டாலர். மற்றக் குழுவுக்கு எப்போதும் ஒன்றும் இல்லை. நடுவே இடைவேளை விட்டு, யார் தாமாகவே புதிரை எடுத்து ஆடுகிறார்கள் என்று கவனித்தார். காசு நின்றுபோன மூன்றாம் அமர்வில், காசு வாங்கிய குழுவினர் முன்பைவிடக் குறைவாகவே ஆடினார்கள். பின்னர் 1999இல் டெசியும் ரிச்சர்ட் ரயனும் ரிச்சர்ட் கோஸ்ட்னரும் 128 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எதிர்பார்க்க வைத்துக் கொடுக்கும் பரிசு உள்ளார்வத்தைக் குறைக்கிறது என்பதும், மனமாரச் சொல்லும் பாராட்டு அதைக் கூட்டுகிறது என்பதும் தெரிந்தன.

டெசியும் ரயனும் வளர்த்தெடுத்த கோட்பாடு மனிதருக்கு மூன்று உளத்தேவைகள் உண்டு என்கிறது. செய்வது என் விருப்பம் என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, என்னோடு சிலர் இருக்கிறார்கள் என்ற உணர்வு. இம்மூன்றும் கிடைக்கும் இடத்தில் ஊக்கம் தானே ஊறும். உடற்பயிற்சி குறித்த 66 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளிவந்த ஒரு மதிப்பாய்வும், நீண்ட காலம் பயிற்சியில் நிலைப்பவர்கள் அதில் இன்பம் காண்பவர்களே என்று காட்டியது.

இந்த வெளிச்சத்தில் நம் கல்லூரி விளையாட்டைப் பாருங்கள். இங்கே விளையாட்டு என்றால் கோட்டா. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம், பிறகு அரசு வேலையில் 3 விழுக்காடு ஒதுக்கீடு, இடையில் போட்டிக்குப் போன நாட்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) வருகை. இதை நான் இழித்துப் பேசவில்லை. கபடியும் வாலிபாலும் எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவைத் திறந்துவிட்டிருக்கின்றன. வறுமையைத் தாண்ட ஒரு ஏணி கிடைத்தால் அதில் ஏறுவதுதான் அறிவு. ஆனால் சான்றிதழ் கிடைத்த மறுவாரமே கால்சட்டையை மடித்து வைத்துவிடும் இளைஞரை எந்த உடற்கல்வி இயக்குநரும் அறிவார். பரிசு வந்தது, பரிசுக்காக ஆடிய ஆட்டம் நின்றது.

இன்னொரு பக்கம், கல்லூரி அணியில் இல்லாத மாணவர்கள். ஆயிரம் பேர் படிக்கும் கல்லூரியில் அணிகளில் இருப்பவர் எத்தனை பேர் இருப்பார்கள்? மற்றவர்கள் விளையாட்டு நாளன்று ஷாமியானாவின் நிழலில் உட்கார்ந்து கைதட்டுகிறார்கள். மாலையில் மைதானம் அணிப் பயிற்சிக்கு. புதிதாக வந்து பந்தைத் தொடுகிறவரைப் பார்த்து, 'தம்பி, நீ எந்த டீம்?' என்று கேள்வி வரும். பாடத்திட்டத்தில் பகுதி ஐந்து என்று ஒன்று இருக்கிறது. அதில் விளையாட்டும் உண்டு. பல இடங்களில் அது வருகைப் பதிவேட்டில் போடும் கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது.

ஆட்டத்தின் மீது ஆசை பிறவியிலேயே வருவதில்லை. ஒலிம்பிக்கில் வாள்வீச்சில் களமிறங்கிய முதல் இந்தியர் சென்னையைச் சேர்ந்த பவானி தேவி. டோக்கியோவில், 2021இல். அவர் பள்ளியில் வாள்வீச்சைத் தேர்ந்தெடுத்த கதையை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டிருந்தது, வாள்வீச்சு மிச்சமிருந்தது. தொடக்கத்தில் மூங்கில் கழிதான் வாள். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது ஒலிம்பிக் அல்ல. ஒரு பள்ளி, புதிதாக வந்த பிள்ளைக்கு ஆறேழு விளையாட்டுகளின் பெயரைச் சொல்லி, ஏதாவது ஒன்றில் சேர் என்று வழிவிட்டதே, அதுதான் பிடித்தது. வாய்ப்பு முதலில் வந்தது, ஆர்வம் பிறகு வந்தது.

5. இரண்டாம் சுற்றில் மூச்சு வாங்குகிறவர்

இப்போது உணவையும் ஊக்கத்தையும் ஒரே இடத்தில் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு. முதலாண்டு மாணவி ஒருவர் தோழியின் பேச்சைக் கேட்டு மைதானத்துக்கு வருகிறார். முதல் சுற்று ஓடுகிறார். இரண்டாம் சுற்றில் நெஞ்சு படபடக்கிறது, கண் இருட்டுகிறது, சிமென்ட் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். 'எனக்கு ஸ்போர்ட்ஸெல்லாம் வராதுப்பா' என்கிறார். அதற்குப் பிறகு மைதானத்துப் பக்கமே வருவதில்லை.

உடம்பில் இரும்பு இல்லாததை அவர் தன் குணமாக எடுத்துக்கொண்டார். 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. 15 முதல் 19 வயதினரில் 59 விழுக்காடு. இரத்தம் உயிர்வளியைச் சுமந்து செல்லாவிட்டால் தசை எப்படி வேலை செய்யும்? இரத்தசோகை அளவுக்குப் போகாமல் உடம்பின் இரும்புச் சேமிப்பு மட்டும் குறைந்திருக்கும் பெண்களிடத்திலும் பயிற்சியின் பலன் குறைவாகவே கிடைப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. என்னால் முடிகிறது என்ற உணர்வு ஊக்கத்துக்கு அடிப்படை என்றால், அந்த உணர்வுக்கு அடிப்படை ஹீமோகுளோபின்.

பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்கிறது இந்தியப் பரிந்துரை, ஆணுக்கு 19. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு உடம்பில் எளிதில் சேராது. கூட ஒரு துண்டு கொய்யாவோ நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ இருந்தால் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு டீ குடித்தால் சேர்வதும் கெடும். ஒரு மணி நேரமாவது விட்டுக் குடிக்க வேண்டும். மாவைப் புளிக்கவைத்துச் சுடும் இட்லி, தோசை இந்த வகையிலும் நல்லவை. புளிக்கும்போது இரும்பைக் கட்டிப்போடும் பைட்டேட் குறைகிறது. இதெல்லாம் மலிவான தகவல்கள், மலிவான பொருள்கள். பள்ளியில் வாரந்தோறும் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரை கல்லூரி வாசலில் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் இரத்தசோகை தீர்ந்துவிடுமா என்ன?

மாணவியரின் பிரச்சினை இரத்தத்தோடு முடியவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவில் போதிய உடலுழைப்பு இல்லாத பெண்கள் 57 விழுக்காடு, ஆண்கள் 42 விழுக்காடு. இந்த இடைவெளியில் ஒரு பகுதியை நம் விடுதிக் கதவில் காணலாம். ஆய்வகம் ஐந்து மணிக்கு முடிகிறது. பல மகளிர் விடுதிகளில் ஆறு, ஆறரைக்குள் உள்ளே வந்துவிட வேண்டும். வெயில் தாழ்ந்து, மைதானம் விளையாடத் தகுந்ததாகும் நேரமும் அதுவே. மாணவர் விடுதி மைதானத்தில் இருக்கும்போது மாணவியர் விடுதி வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. பாதுகாப்பு என்ற பெயரில் மாணவியரின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தக் கூடாது என்று மானியக் குழுவின் சக்ஷம் அறிக்கை 2013இலேயே சொல்லியிருக்கிறது. மைதானத்துக்கு விளக்குப் போடுவதைவிடக் கதவைப் பூட்டுவது செலவு குறைவு. ஆகவே கதவு பூட்டப்படுகிறது.

6. பவுடரும் பழக்கமும்

ஊக்கமே இல்லை என்று நாம் வருந்தும் அதே வளாகத்துக்கு வெளியே ஜிம்முகள் நிரம்பி வழிகின்றன. இளைஞர்கள் காசு கட்டி எடை தூக்குகிறார்கள். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஆகவே ஜிம்மைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பலரை அங்கே அழைத்துச் செல்வது கண்ணாடியும் கைப்பேசிக் கேமராவும். மூன்று மாதத்தில் படத்தில் வித்தியாசம் தெரியாவிட்டால் நின்றுவிடுகிறார்கள். அல்லது பவுடர் வாங்குகிறார்கள்.

அந்தப் பவுடர் டப்பாவைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்ப்போம். ஒரு கரண்டியில் சுமார் 24 கிராம் புரதம் என்று அச்சிட்டிருக்கும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம். நான்கு முட்டையில் அதே அளவு. முட்டை சாப்பிடாதவருக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும் ஒரு பிடி நிலக்கடலையும் ஒரு டம்ளர் பாலும் அந்த அளவைத் தொட்டுவிடும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டியும் தசையை வளர்க்கப் புரதப் பவுடர் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. மாதம் ஆயிரம் ரூபாய் உதவித்தொகை பெறும் மாணவ மாணவியர் இந்த அரங்கில் இருப்பீர்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி டப்பாவுக்குப் போகாமல் முட்டைக்கும் கடலைக்கும் போகட்டும்.

இனி பழக்கம். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் பிலிப்பா லாலியும் அவர் குழுவினரும் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 96 பேர் ஆளுக்கொரு புதிய பழக்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவுச் சாப்பாட்டுக்கு முன் கால்மணி ஓட்டம் என்பது போல எளியவை. அது தானாக நடக்கும் பழக்கமாவதற்கு இடைநிலைக் கணக்கில் 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாளிலேயே வந்தது. சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு சொன்னது. ஒரு நாள் தவறினால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை என்பதும் அதில் தெரிந்தது. மாணவர்களே, ஒரு நாள் விட்டுப்போனதும் எல்லாம் போயிற்று என்று கைவிடுகிறீர்களே, அதற்கு இது பதில்.

இந்த ஆய்வில் நிர்வாகத்துக்கும் ஒரு செய்தி இருக்கிறது. பழக்கங்கள் எல்லாம் ஒரு நேரத்தோடும் இடத்தோடும் முடிச்சுப் போடப்பட்டிருந்தன. சாப்பாட்டோடு பழம் என்றால் சாப்பாட்டு மேசையில் பழம் இருக்க வேண்டும். ஒரு பருவம் என்பது ஏறத்தாழ தொண்ணூறு வேலை நாள். ஒரே ஒரு பருவத்துக்கு மெஸ் நேரமும் மைதான நேரமும் மாறாமல் ஒத்துப்போனால், பலருக்குப் பழக்கம் அங்கேயே வேர்பிடிக்கும்.

7. செய்யக்கூடியவை

பெரிய கட்டடம் எதையும் நான் கேட்கவில்லை.

முதலாவது, மெஸ்ஸையும் மைதானத்தையும் ஒரே கடிகாரத்துக்குக் கொண்டு வாருங்கள். மைதானத்திலிருந்து வருகிறவர்களுக்கு இரவுச் சாப்பாட்டில் ஒரு பங்கை எடுத்து வைக்கச் சொல்ல ஒரு வார்டனின் வாய்மொழி உத்தரவு போதும்.

இரண்டாவது, மாலை நான்கரைக்கு மைதானத்தின் ஓரத்தில் சுண்டல். அணியில் இருப்பவருக்கு மட்டும் என்று வைக்காதீர்கள், வந்தவர்க்கெல்லாம். விளையாட வருகிறவருக்குக் கூலியாக அது ஆகிவிடுமோ என்றால், ஆகாது. ஆட்டத்துக்கு முன் கூடி உண்பது அவர்களுக்குள் உறவை வளர்க்கும்.

மூன்றாவது, துறைக்குத் துறை, விடுதிக்கு விடுதி ஆடும் உள்வளாகப் போட்டி. விதி ஒன்றே ஒன்று: பல்கலைக்கழக அணியில் இருப்பவர் அதில் ஆட்டக்காரராக இறங்கக் கூடாது, பயிற்சியாளராக இருக்கலாம். தமக்குத் தெரிந்ததைத் தெரியாதவருக்குக் கற்றுக்கொடுக்கும்போது கோட்டாவில் வந்தவருக்கும் ஆட்டத்தின் மீது பழைய ஆசை திரும்பும்.

நான்காவது, முதலாண்டுச் சேர்க்கையின்போதே ஹீமோகுளோபின் பரிசோதனை. 12க்குக் கீழே உள்ள மாணவியருக்கு மருத்துவரின் கவனிப்பும், மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனையும். எண்ணைக் குறித்துக்கொண்டு விட்டுவிடுவதாக இருந்தால் ஊசி குத்தவே வேண்டாம்.

ஐந்தாவது, மகளிர் விடுதியின் கதவு மைதானத்தின் நேரத்துக்கு ஏற்பத் திறந்திருக்க வேண்டும். மைதானத்தில் விளக்கும், உடன் ஒரு பெண் பயிற்றுநரும்.

ஆறாவது, ஒப்பந்த மெஸ்ஸாக இருந்தாலும் மெனுவை முடிவு செய்யும் குழுவில் பாதிப் பேர் மாணவராக இருக்கட்டும். கணக்கு நோட்டீஸ் போர்டில் ஏறட்டும்.

இவற்றில் மிகுதியான பணம் கேட்பது விளக்குக் கம்பம் மட்டுமே. மற்றவற்றுக்கு வேண்டியது ஒரு மணி நேரக் கூட்டமும் இரண்டு துறைத் தலைவர்கள் ஒரே மேசையில் உட்காருவதும்.

சென்னையில் 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரிகளில் ஆசியாவிலேயே முன்னோடி. 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு சென்றவரும் அதே பக்தான். ஒலிம்பிக் வரை போனவர் தம் வாழ்நாள் உழைப்பைச் செலவிட்டது பதக்க வீரர்களைத் தேடுவதில் அல்ல. எல்லாப் பிள்ளைகளையும் விளையாட வைக்கும் ஆசிரியர்களை உருவாக்குவதில். ஆயிரம் விளக்குப் பள்ளியில் சோறு போடப்பட்டதும் அதே ஆண்டில், அதே ஊரில்தான். அந்த இரண்டு முயற்சிகளையும் ஒரே வளாகத்தில் சேர்த்து நடத்த நூறாண்டுக்குப் பிறகும் நமக்குக் கைவரவில்லை.

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் சிறந்து விளங்கும் பல்கலைக்கழகத்துக்கு மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை தருகிறார்கள். கோப்பைகளும் பதக்கங்களும் ஆண்டறிக்கையில் பக்கம் பக்கமாக வருகின்றன, வரட்டும். துணைவேந்தர் அவர்களே, அடுத்த ஆண்டறிக்கையில் அவற்றுக்கு மேலே ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன். எந்த அணியிலும் இல்லாத மாணவ மாணவியரில் எத்தனை பேர் இந்த ஆண்டு வாரம் மூன்று நாளாவது மைதானத்தில் இறங்கினார்கள் என்ற எண்ணிக்கை. முதல் ஆண்டு அந்த எண் சிறியதாகத்தான் இருக்கும். வெட்கப்படாமல் அச்சிடுங்கள். அச்சில் வந்த எண்ணை அடுத்த ஆண்டு யாராவது ஒருவர் கூட்டிக் காட்ட முயல்வார். அந்த முயற்சி மெஸ்ஸின் அடுப்பங்கரை வரை போகும்.